ரபி ஆக என்ன படிக்க வேண்டும்? ரபியே இல்லாமல் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த கேரள யூதர்களின் கதை

'ரபி' என்றதும் தேனி மாவட்ட விவசாயிகளுக்கு ரபி பருவ பயிர்க் காப்பீடுதான் முதலில் ஞாபகம் வரும். அந்தச் சொல் அரபி மொழியில் வசந்த காலத்தைக் குறிப்பது. நாம் இங்கே பார்க்கப்போவது வேறு ரபி. 'யூத மதகுரு' என்று செய்திகளில் அடிக்கடி வருகிறாரே, அவர்.

தேனியில் யூத ஜெப ஆலயம் கிடையாது. ஆனால் யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஊர்கள் இங்கிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே வரும் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலை நனைக்கிறது. அதே பெரியாறு மேற்கே ஓடி, ஆலுவாவில் கிளை பிரிந்து கடலைத் தொடும் பகுதியில்தான் சேந்தமங்கலம், பரவூர் ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே போனால் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊர் யூதர்கள் தோராவைப் படித்தார்கள், பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தார்கள், கல்யாணம் முதல் அடக்கம் வரை எல்லாச் சடங்கையும் முறைப்படி செய்தார்கள். ஆனால் தங்களுக்கென்று பட்டம் பெற்ற ரபியை அவர்கள் வைத்திருக்கவில்லை.

ரபி இல்லாமல் ஒரு யூத சமூகம் எப்படி இயங்கும்? அப்படியென்றால் ரபி எதற்கு? அவர் ஆவது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரபி என்றால் யார்?

எபிரேய மொழியில் 'ரபி' என்றால் 'என் ஆசான்' என்று அர்த்தம். பைபிள் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. யோவான் நற்செய்தியில் சீடர்கள் இயேசுவை 'ரபி' என்றுதான் அழைக்கிறார்கள்.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ரபி என்பவர் கோயில் குருக்களைப் போன்ற பூசாரி அல்ல. யூதர்களில் பூசாரி மரபு தனியாக உண்டு. அவர்களுக்கு 'கோஹேன்' என்று பெயர். அது தந்தை வழியாகப் பிறப்பால் வருவது. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு பலி கொடுக்கும் வேலையே நின்றுபோனது. கோஹேன்களுக்கு இன்று சில மரியாதைகளும் சில கடமைகளும் மட்டுமே மிச்சம்.

ரபியும் கோஹேனும் வேறு வேறு. ரபி என்பது பிறப்பால் வராது, படிப்பால் வருவது. கிட்டத்தட்ட நம்மூர் மதரஸாக்களில் ஏழெட்டு வருஷம் ஓதி, ஆலிம் பட்டம் வாங்கி வரும் ஹஜ்ரத்தை நினைத்துக்கொள்ளலாம். சட்டம் தெரிந்தவர், கேட்டால் பதில் சொல்பவர், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர். கத்தோலிக்க பாதிரியாரைப் போலத் துறவறமும் கிடையாது. ரபி கல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழ்வதுதான் வழக்கம்.

ரபி இல்லாமல் பிரார்த்தனை நடக்குமா?

நடக்கும். யூத மதத்தில் கூட்டுப் பிரார்த்தனைக்கு ரபி அவசியமில்லை. அவசியமானது பத்துப் பேர்.

13 வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூடினால் அதற்கு 'மின்யான்' என்று பெயர். மரபுவழிப் பிரிவில் இதுதான் கணக்கு. சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். இந்தப் பத்துப் பேர் இல்லையென்றால் சபையில் தோரா சுருளை எடுத்து வாசிக்க முடியாது. அப்பா, அம்மா இறந்தால் பிள்ளை சொல்ல வேண்டிய 'கதிஷ்' பிரார்த்தனையைச் சொல்ல முடியாது.

ஒன்பது பெரிய ரபிகள் கூடினாலும் மின்யான் ஆகாது. படிப்பறிவு குறைந்த பத்து கூலித் தொழிலாளிகள் கூடினால் ஆகும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு மறுபடி வருவோம்.

ஜெப ஆலயத்தில் வேலைகள் பிரிந்திருக்கும்:

• ஹஸான் – பிரார்த்தனையை ராகத்தோடு முன்நின்று பாடுபவர்

• ஷோஹெத் – சமயச் சட்டப்படி ஆடு, மாடு, கோழி அறுப்பவர்

• மோஹெல் – ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்பவர்

• சோஃபெர் – தோரா சுருளைக் கையால் எழுதுபவர்

• ஷமாஷ் – ஆலயத்தின் அன்றாட வேலைகளைக் கவனிப்பவர்

சிறிய ஊர்களில் ஒரே ஆள் இதில் இரண்டு மூன்று வேலையைப் பார்ப்பதும் உண்டு. ரபியின் தனி வேலை, சட்டத்தில் சந்தேகம் வந்தால் முடிவு சொல்வதும் கற்பிப்பதும்.

ரபி ஆவது எப்படி? படிப்படியாக

*முதல் படி: சிறுவயது.* எபிரேய எழுத்துகளில் தொடங்குகிறது. ஆண் பிள்ளைக்கு 13 வயதில் 'பார் மிட்ஸ்வா'. சபை முன்பு நின்று தோரா வாசிக்க வேண்டும். சுருளில் உயிர்க்குறிகளும் இருக்காது, ராகக் குறிகளும் இருக்காது. மெய்யெழுத்தைப் பார்த்தே சரியாக உச்சரிக்க வேண்டும். புள்ளி வைக்காத பழைய ஓலைச்சுவடியைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். இது ஒவ்வொரு யூதப் பையனுக்குமான பயிற்சி. ரபி ஆக விரும்புகிறவர் இங்கிருந்துதான் கிளம்புகிறார்.

*இரண்டாம் படி: யெஷிவா.* இது சமயக் கல்விக்கூடம். இங்கே முக்கியப் பாடம் தால்முட். வாய்மொழியாக வந்த சட்டங்கள் சுமார் கி.பி. 200இல் 'மிஷ்னா' என்று தொகுக்கப்பட்டன. அதன்மீது தலைமுறை தலைமுறையாக ஆசான்கள் நடத்திய விவாதங்களும் சேர்ந்ததுதான் தால்முட். பாபிலோனிய தால்முட் 2,711 தாள்கள் கொண்டது. தினமும் ஒரு தாள் என்று படித்தால் முடிக்க ஏழரை வருஷம் ஆகும். 1923 முதல் உலகம் முழுக்க பல யூதர்கள் இப்படி ஒரே நாளில் ஒரே தாளைப் படித்துவருகிறார்கள்.

யெஷிவாவுக்குள் போனால் அமைதியே இருக்காது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாதாடுவார்கள். இந்த ஜோடிப் படிப்புக்கு 'ஹவ்ரூதா' என்று பெயர். ஒருவர் சொல்வதை மற்றவர் மடக்க வேண்டும். 'நீ சொல்றது சரி, ஆனா அடுத்த வரியில வேற மாதிரி இருக்கே?' என்று கேட்காத ஜோடி நல்ல ஜோடி இல்லை. நமக்கு இது சுத்தமாகப் புதிதல்ல. 'தடை', 'விடை' என்று கேள்வி எழுப்பி உரை எழுதிய நம் இலக்கண உரையாசிரியர்களின் முறையும் ஏறக்குறைய இதுதான்.

*மூன்றாம் படி: செமிகா.* ரபி பட்டத்துக்கு இதுதான் பெயர். சொல்லின் பொருள் 'கை வைத்தல்'. மோசே தன் வாரிசான யோசுவாவின் மேல் கைகளை வைத்துப் பொறுப்பை ஒப்படைத்ததாக வேதத்தில் வரும் சம்பவம்தான் இதற்கு மூலம். அந்தப் பழைய சங்கிலி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்துவிட்டது. இன்று கொடுப்பது ஒரு அனுமதி. 'இவருக்குச் சட்டம் தெரியும், இவர் முடிவு சொல்லலாம்' என்று ஆசான் தரும் சான்று.

மரபுவழித் தேர்வில் என்ன கேட்பார்கள்? கடவுள் இருக்கிறாரா என்ற பெரிய தத்துவக் கேள்வி எல்லாம் பெரும்பாலும் வராது. சமையலறைக் கேள்விகள்தான் வரும். யோசேப் காரோ என்ற அறிஞர் தொகுத்து, 1565இல் வெனிஸ் நகரில் முதலில் அச்சான 'ஷுல்ஹான் ஆருக்' என்ற சட்டத் தொகுப்பில் உணவுச் சட்டப் பகுதி ஒன்று இருக்கிறது. தேர்வின் மையம் அதுதான்.

உதாரணத்துக்கு ஒன்று. கறிக்குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டுப் பால் தெறித்துவிட்டது. யூதச் சட்டப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. அப்போது பானையைக் கவிழ்க்க வேண்டுமா? விழுந்த பாலைப்போல அறுபது மடங்கு உணவு பானையில் இருந்தால் பொதுவாகச் சாப்பிடலாம் என்பது விதி. ஆனால் எங்கே தெறித்தது, கிளறினார்களா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஒரு ஏழை வீட்டில் ஒரு பானைக் குழம்பு என்பது சாதாரண விஷயமில்லை. ரபி தவறாகச் சொன்னால் ஒன்று சட்டம் மீறப்படும், இல்லையென்றால் ஒரு குடும்பம் அன்றைக்குப் பட்டினி கிடக்கும். இரண்டு பக்கமும் யோசிக்கத் தெரிந்தவருக்குத்தான் சான்று.

*நான்காம் படி: சபை தேடுவது.* அமெரிக்கா போன்ற நாடுகளில் இது கிட்டத்தட்ட வேலை இன்டர்வியூதான். சபையே ரபியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு சனிக்கிழமை அழைத்துப் பேசச் சொல்வார்கள், வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், பிடித்தால் ஒப்பந்தம். கத்தோலிக்க மறைமாவட்டம் போல மேலிருந்து வரும் டிரான்ஸ்ஃபர் முறை இல்லை. உலக யூதர்களுக்கெல்லாம் சேர்த்து போப் மாதிரி ஒரே தலைவரும் கிடையாது.

சீர்திருத்தப் பிரிவுகளில் பாதை கொஞ்சம் மாறும். ஹீப்ரூ யூனியன் கல்லூரி 1875இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கப்பட்டது. 1886இல் நியூயார்க்கில் யூத இறையியல் கல்லூரி வந்தது. இங்கெல்லாம் பட்டப்படிப்பு முடித்த பிறகு சுமார் ஐந்து வருஷப் படிப்பு. தால்முடோடு மனநல ஆலோசனை, மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பது, சபை நிர்வாகம் எல்லாம் பாடத்தில் உண்டு.

பெண்கள் ரபி ஆகலாமா?

பிரிவைப் பொறுத்தது. உலகின் முதல் பெண் ரபி ஜெர்மனியைச் சேர்ந்த ரெஜினா யோனாஸ். 1935இல் பட்டம் பெற்றார். நாஜிகள் அவரை முகாமில் அடைத்தபோது அங்கேயும் சொற்பொழிவு நடத்தினார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பிறகு 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் பட்டம் பெற்றார். சீர்திருத்தப் பிரிவுகளில் இன்று பெண் ரபிகள் சகஜம். மரபுவழிப் பிரிவில் பெரும்பாலோர் இன்னும் ஏற்பதில்லை.

சம்பளம் உண்டா?

இன்று உண்டு. ஆனால் பழைய காலத்தில் வேதம் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குவது கௌரவமாகக் கருதப்படவில்லை. தால்முட் காலத்து ஆசான்களில் செருப்புத் தைத்தவரும் உண்டு, விறகு வெட்டியவரும் உண்டு.

12ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய யூத அறிஞர் மைமோனிடஸ். கெய்ரோவில் வாழ்ந்தவர். அவருடைய தம்பி டேவிட் இந்தியாவோடு வணிகம் செய்து சம்பாதித்து, அண்ணனைப் படிக்கவும் எழுதவும் விட்டார். இந்தியப் பெருங்கடலில் கப்பல் மூழ்கி டேவிட் இறந்துபோக, மைமோனிடஸ் வைத்தியம் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. வருஷக்கணக்கில் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

போடி ஏலக்காய் வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தி. அதே நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் தங்கி மிளகு, ஏலக்காய் ஏற்றுமதி செய்தார். வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். சமயச் சட்டம் நன்கு படித்தவர். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயக் கிடங்கில் கிடைத்த அவருடைய கடிதக் கட்டில் ஒரு பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளூர் ஆள் ஒருவர் ஏலக்காய்க்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சரக்கு தரவில்லை! தொழில் மாறவில்லை, புகாரும் மாறவில்லை.

கேரள யூதர்கள் ரபி இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

இப்போது மலைக்கு அந்தப் பக்கம் வருவோம். கேரள யூதர்களின் மிகப் பழைய ஆவணம் ஒரு செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. அதில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் பெயர் தமிழ் இலக்கிய, கல்வெட்டு மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 72 உரிமைகளைப் பெற்றவர் பெயர் ஜோசப் ரப்பான். பல்லக்கு, குடை, பறை, பகல் விளக்கு, வரிச் சலுகை என்று பட்டியல் நீள்கிறது.

'ரப்பான்' என்ற சொல்லுக்கும் 'ரபி'க்கும் வேர் ஒன்றுதான். ஆனால் செப்பேடு அவரை ஒரு வணிகத் தலைவராகத்தான் காட்டுகிறது. பின்னாளிலும் அதே கதைதான். கொச்சி ராஜா யூத சமூகத் தலைவருக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'முதலியார்'! சமூக வழக்குகளை முதலியாரும் பெரியவர்களும் தீர்த்தார்கள். பிரார்த்தனையை ஹஸான்கள் நடத்தினார்கள். 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயமும் பெரியவர்கள் பொறுப்பிலேயே இருந்தது.

இது எப்படிச் சாத்தியமானது? படிப்பு ஒரு ஆளிடம் தேங்காமல் வீட்டுக்கு வீடு பரவியிருந்ததால்தான். பையன்கள் எபிரேயம் படித்தார்கள். பெண்களும் படித்தார்கள். வேதக் கதைகளையும் தங்கள் ஊர்க் கதைகளையும் மலையாளப் பாட்டாக நோட்டுகளில் எழுதிவைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். கேரள ஜெப ஆலயங்களில் வேறெங்கும் பார்க்காத ஒரு அமைப்பும் உண்டு. நடுவில் இருக்கும் வாசிப்பு மேடை போக, மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை. பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னாலேயே தோரா வாசிக்கும் சத்தம் கேட்கும்.

மக்கள் மனதில் குருவாக நின்றவர்களும் இருந்தார்கள். 1615இல் காலமான நெகேமியா மோத்தா என்ற சமயக் கவிஞரின் கல்லறை மட்டாஞ்சேரியில் இன்னும் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்கள்?

கப்பலில் கடிதம் போட்டுக் கேட்டார்கள். இங்கேதான் ரபி இல்லாததன் நஷ்டமும் தெரிகிறது.

கொச்சி யூதர்களுக்குள் ஒரு பெரிய பிரிவினை இருந்தது. 'நாங்கள்தான் சுத்தமான வம்சம், அவர்கள் அடிமைகளின் பிள்ளைகள்' என்று ஒரு தரப்பு மறுதரப்போடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மறுத்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி கெய்ரோவில் இருந்த ரபி டேவிட் இபின் சிம்ராவிடம் போனது. முறைப்படி சடங்கு நீராட்டு செய்துகொண்டால் அவர்களும் முழு யூதர்கள்தான், கலப்பதில் தடையில்லை என்ற வகையில் அவர் பதில் எழுதினார். பிறகு அலெக்சாண்டிரியாவின் ரபி ஜேக்கப் காஸ்ட்ரோவிடம் கேட்டபோதும் அதே போக்கில்தான் பதில் வந்தது.

தீர்ப்பு வந்தது, நிலைமை மாறவில்லை. சபை நடுவில் நின்று 'இதுதான் சட்டம், இனி இப்படித்தான்' என்று சொல்ல ஊரில் ரபி இல்லை. முடிவு எடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், பிரிவினையால் லாபம் அடைந்த அதே பெரியவர்கள்.

இது 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. பரதேசி ஜெப ஆலயத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது, தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் படித்தவர், காந்தியவாதி. ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். கெய்ரோ ரபிகளின் கடிதங்களால் முடியாததை உள்ளூர் வக்கீல் ஒருவர் செய்துகாட்டினார்.

தமிழ்நாட்டுக்கு ரபி வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். எருசலேமிலிருந்து புறப்பட்டு அரேபியா, பாரசீகம் வழியாக இந்தியா வந்த ரபி டேவிட் தெபெத் ஹில்லேல், கொச்சி யூதர்களைப் பற்றியும் எழுதினார். அந்தப் பயண நூல் 1832இல் மெட்ராஸில் அச்சானது.

அதற்கு 150 வருஷம் முன்பே மெட்ராஸில் யூத வணிகர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து, இங்கிருந்து வைரம் கொண்டுபோனவர்கள். மண்ணடியில் உள்ள பவளக்காரத் தெரு அந்தப் பவள வணிகத்தின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. அவர்களில் ஒருவரான ஜாக் டி பாய்வா 1687இல் இறந்து மெட்ராஸ் யூதக் கல்லறையில் புதைக்கப்பட்டார். அந்தக் கல்லறைக் கற்கள் பின்னாளில் லாயிட்ஸ் சாலைக்கு, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு மாற்றப்பட்டன.

இன்றைய இந்தியாவில் யார் நடத்துகிறார்கள்?

இந்திய யூதர்களில் பெரிய பிரிவு மகாராஷ்டிராவின் பெனே இஸ்ரேல். அவர்களுக்கும் பழைய காலத்தில் ரபி கிடையாது. 'காஜி' என்று அழைக்கப்பட்டவர்கள் சடங்குகளை நடத்தினார்கள். கொச்சியிலிருந்து மும்பை போன யூதர்கள் அவர்களுக்கு எபிரேயமும் பிரார்த்தனை முறையும் கற்றுக்கொடுத்தார்கள். ரபி இல்லாத ஊர், இன்னொரு ரபி இல்லாத ஊருக்கு வாத்தியார் அனுப்பியது என்று சொல்லலாம்.

ஆனால் இஸ்ரேல் போன பிறகு சிக்கல் வந்தது. அங்கே யூதத் திருமணங்கள் தலைமை ரபி அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 'உங்கள் ஊரில் ரபியே இல்லை. விவாகரத்தெல்லாம் சட்டப்படி நடந்ததா?' என்ற கேள்வி எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் பெனே இஸ்ரேல் மக்கள் கல்யாணம் செய்யப்போனால் தலைமுறை விசாரணை நடந்தது. அவர்கள் எருசலேமில் போராட்டத்தில் இறங்கினார்கள். 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அறிவித்தது.

டெல்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் கட்டப்பட்ட ஜூடா ஹயாம் ஜெப ஆலயத்தை நீண்டகாலமாக நடத்திவருபவர் எசேக்கியேல் ஐசக் மலேகர். வழக்கறிஞர், தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் பணியாற்றியவர். ரபி பட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. பிரார்த்தனை, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான். சபை சிறியது என்பதால் பத்துப் பேர் கணக்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்.

பட்டம் பெற்ற ரபி ஒருவரை இந்தியா மறக்க முடியாத விதத்தில் அறிந்தது 2008 நவம்பரில். மும்பை நரிமன் இல்லத்தில் இருந்த கேப்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் 2003இல் மும்பைக்கு வந்தவர்கள். வகுப்பு எடுத்தார்கள், பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள், வருகிறவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். 26/11 தாக்குதலில் இருவரும் கொல்லப்பட்டார்கள். கேப்ரியலுக்கு வயது 29. இரண்டு வயது மகன் மோஷேவை, குழந்தையைப் பார்த்துக்கொண்ட சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த காட்சி பலருக்கும் நினைவிருக்கும்.

கேரளத்தில் இப்போது என்ன நிலைமை?

1948இல் கேரளத்தில் 2,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். பாலைவனப் பகுதியில் உள்ள நெவாத்திம் போன்ற கிராமங்களில் விவசாயம் செய்தார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உள்மரவேலைகள் இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1968இல் பரதேசி ஜெப ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிடப்பட்டது. அப்போதே சபை சுருங்கத் தொடங்கியிருந்தது. 2024 ஆகஸ்டில் குயீனி ஹல்லேகுவா 89 வயதில் காலமானார். மட்டாஞ்சேரி பரதேசி யூதர்களில் கடைசிப் பெண் அவர்தான்.

இப்போது அந்தப் பத்துப் பேர் கணக்குக்கு வருவோம். ஆயிரம் ஆண்டு ரபி இல்லாமல் தாக்குப்பிடித்த சமூகம் அது. அவர்கள் இஸ்ரேல் போன காலத்தில் யாரும் ஜெப ஆலயத்தை மூடச் சொல்லவில்லை, துரத்தவும் இல்லை. ஆனால் பத்துப் பேர் இல்லையென்றால் எவ்வளவு பெரிய ரபி வந்தாலும் சுருளைத் திறந்து வாசிக்க முடியாது. வெளிநாட்டுப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் அங்கே எண்ணிக்கை நிறைகிறது.

ஒருமுறை பார்க்க விரும்பினால்

கம்பத்திலிருந்து குமுளி ஏறிக் கொச்சி போகிறவர்கள், பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள ஜெப ஆலயங்களைப் பார்க்கலாம். இரண்டும் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக உள்ளன. சேந்தமங்கலத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. 1269இல் இறந்த 'இஸ்ரவேலின் மகள் சாரா' என்பவருடையது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் சனிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறக்காது. அது யூதர்களின் ஓய்வு நாள்.

உள்ளே போனால் நடுவில் இருக்கும் பித்தளைக் கம்பி மேடையைப் பாருங்கள். சபையில் படிக்கத் தெரிந்த யாரும் அதில் ஏறி வாசிக்கலாம் என்பதுதான் யூத மரபு. சிலரை மட்டும் பல தலைமுறை அதில் ஏறவிடாமல் வைத்திருந்தார்கள். இன்று ஏறுவதற்குத் தடை ஏதும் இல்லை, சுற்றி நின்று கேட்கத்தான் ஆள் இல்லை.